இரண்டு வெக்கைகளும் ஓர் ஈயும்

1

வெக்கை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. கத்திரி வெயிலில் வீராணம் ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நாட்களில், காட்டுமன்னார்கோயில் கடைத்தெருவில் மோர் குடிக்க நிற்கிற யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் வரும் வார்த்தை, "என்னா வெக்கை, தாங்க முடியல."

இன்னொரு பொருள் வயதானவர்களுக்குத்தான் தெரியும். அது மாட்டுக்கு வந்த நோய். உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். மூக்கு காய்ந்துபோகும். வாயெல்லாம் புண்ணாகும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், பிறகு கழிச்சல் ஆரம்பிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் மாடு போய்விடும். அதற்குள் பக்கத்துக் கொட்டகையிலும் ஒரு மாடு தீனி எடுக்காமல் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். கால்நடைத் துறையின் ஏட்டில் ரிண்டர்பெஸ்ட் என்று எழுதியதை ஊரில் வெக்கை நோய் என்றார்கள்.

இந்த இரண்டு வெக்கையும் ஏறத்தாழ நூறு வருட இடைவெளியில் ஆப்பிரிக்காவில் ஒரே ஈயைப் போய்த் தாக்கின. செட்சி ஈ. முதல் வெக்கை இந்தியாவிலிருந்து கப்பலேறிய மாடுகளோடு போனது என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. இரண்டாவது வெக்கை இப்போது உலகத்துக்கே பொது. இரண்டு தடவையும் ஈ குறைந்தது. "நல்லதுதானே, ஒழியட்டும்" என்று நாம் சொல்லிவிடலாம். முதல் தடவை அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். அடுத்த இருபது வருடங்களில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டோம்.

2

தெற்கு ஆப்பிரிக்காவின் த்ஸ்வானா மொழியில் செட்சி என்றாலே ஈ. ஆக, செட்சி ஈ என்று சொல்லும்போது நாம் "ஈ ஈ" என்கிறோம். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேதான் அதன் ராஜ்ஜியம். கொசுவில் பெண் மட்டும்தான் கடிக்கும். இதில் ஆண், பெண் இரண்டுக்குமே ரத்தம்தான் சாப்பாடு. குடிக்கும்போது டிரிபனோசோம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குக் கொண்டுபோகும். மனிதருக்கு அது தூக்க நோய். மாட்டுக்கு நகானா. மாடு இளைத்து, ரத்தம் சுண்டி, எழுந்திருக்க முடியாமல் சாகும். ஆப்பிரிக்காவின் பெரும்பரப்பில் ஏர் பூட்ட மாடே இல்லாமல் போனதற்கு இந்த ஈ ஒரு முக்கியமான காரணம்.

இதன் விசேஷம் வேறு ஒன்று. இது முட்டையிடாது. பெண் ஈ ஒரே ஒரு முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரிக்கவிட்டு, புழுவை உள்ளேயே வைத்துப் பால் கொடுத்து வளர்க்கும். பால் என்று சொல்வது உவமை இல்லை. அதற்கென்றே ஒரு சுரப்பி இருக்கிறது. ஒன்பது பத்து நாள் கழித்து, கிட்டத்தட்டத் தன் எடையே உள்ள ஒரு புழுவைப் பெற்றுப்போடும். புழு உடனே மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழு ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு மாதம் உள்ளேயே இருக்கும். வெளியே வருகிறவரை அதற்குச் சாப்பாடு கிடையாது. அம்மா கொடுத்தனுப்பிய கொழுப்புதான் கட்டுச்சோறு.

இதை வைத்துச் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெண் ஈ தன் முதல் பிள்ளையைப் பெறுவதற்கு அதன் வயது பதினெட்டு நாள் போல ஆகியிருக்க வேண்டும். பிறகு ஒன்பது நாளுக்கு ஒன்று. அறுபது நாள் உயிரோடு இருந்தால் மொத்தம் ஐந்து பிள்ளைகள். பாதி ஆண் என்று கழித்தால் மிச்சம் இரண்டரைப் பெண். முப்பது நாளிலேயே செத்துவிட்டால் இரண்டு பிள்ளைகள், ஒரு பெண். அந்த ஒன்றையும் எறும்பு தூக்கிக்கொண்டு போனால் வம்சம் முடிந்தது. கொசுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அது ஒரு தடவைக்கே நூறு, இருநூறு முட்டை போடும். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு செத்தாலும் அதற்குக் கவலை இல்லை.

அதனால் செட்சி ஈயின் கூட்டம் அடர்த்தியாகத் தெரிந்தாலும் அடித்தளம் மெலிதானது. வழக்கமாகச் சாவதற்கு மேல், தினமும் நூற்றுக்கு நான்கு பெண் ஈக்களைக் கூடுதலாகக் கொன்றுகொண்டே இருந்தால் போதும், ஒரு வட்டாரத்தில் இந்த ஈ இல்லாமலே போய்விடும். 1970களில் தொடங்கி ஜிம்பாப்வேயில் க்ளின் வேலும் அவருடைய சகாக்களும் செய்த வேலை இதைத்தான் நம்பியிருந்தது. மாட்டின் மூச்சிலும் மூத்திரத்திலும் உள்ள வாசனைகளைப் பிரித்தெடுத்து, மருந்து தோய்த்த நீலக் கறுப்புத் துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மாடு நிற்கிறது என்று வந்து உட்கார்ந்த ஈ செத்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு நாலே நாலு துணி. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இப்போது முதல் வெக்கைக்குப் போவோம்.

3

1887. செங்கடல் கரையில், இன்றைய எரித்திரியாவின் மசாவா துறைமுகம். இத்தாலியப் படைக்காகக் கொண்டுவந்து இறக்கிய மாடுகளோடு வெக்கை நோயும் இறங்கியது. ஆப்பிரிக்க மாடுகளுக்கு அதை எதிர்க்கிற சக்தி கொஞ்சமும் இருக்கவில்லை. எத்தியோப்பியாவில் ஏர் பூட்ட மாடு இல்லாமல் வயல் தரிசாகி, 1888 முதல் 1892 வரை பெரும் பஞ்சம். நோய் தெற்கே நடந்துகொண்டே இருந்தது. 1896இல் ஜாம்பேசி ஆற்றைக் கடந்தது. வேலி போட்டுப் பார்த்தார்கள், காவல் வைத்துப் பார்த்தார்கள், துப்பாக்கியால் மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். அடுத்த வருடம் கேப் காலனியிலும் மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. நோய் போன இடங்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது மாடு மிச்சமில்லை. மாடே சொத்தாக, சீதனமாக, பாலாக, உறவாக இருந்த சமூகங்கள் அவை.

நோய் மாட்டோடு நிற்கவில்லை. காட்டெருமை, குடு மான், காட்டுப்பன்றி எல்லாம் கூட்டம் கூட்டமாகச் செத்தன. செட்சி ஈ குடித்துக்கொண்டிருந்தது இவற்றின் ரத்தத்தைத்தான். ஒன்பது நாளுக்கு ஒரு பிள்ளை பெறுகிற ஈக்கு, பசியோடு கூடுதலாகச் சில நாள் அலைவதே சாவு. லிம்போபோ ஆற்றுக்குத் தெற்கே பல இடங்களிலிருந்து ஈ அடியோடு மறைந்தது. ஜாம்பேசிப் பள்ளத்தாக்கில் அங்கங்கே சின்னத் திட்டுகளாகச் சுருங்கியது. வெள்ளைக்காரக் குடியேறிகளில் பலர் இதைக் கொண்டாடினார்கள்: ஈயின் தொல்லை தீர்ந்தது, இனி மாடு வளர்க்கலாம்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கதை வேறு பக்கம் திரும்பியது. மாடு செத்ததால் மேய்ச்சல் நின்றது. பஞ்சத்தால் ஊர் காலியானது. மாடு மேய்ந்து, மனிதர் வெட்டித் திருத்திய நிலத்தில் புதர் மண்டியது. சில வருடங்களில் காட்டு விலங்குகள் மாடுகளை முந்திக்கொண்டு பெருகின. புதர், நிழல், ரத்தம் மூன்றும் ஒன்றாகக் கிடைத்த இடத்துக்கு ஈ திரும்பி வந்தது, முன்பு இல்லாத இடங்களுக்கும் வந்தது. 1900 தொடங்கி இருபது வருடங்களில் விக்டோரியா ஏரியின் வடகரையில், இன்றைய உகாண்டாவில், தூக்க நோயால் இரண்டரை லட்சம் பேர்வரை செத்தார்கள். மிச்சம் இருந்தவர்களை ஏரிக்கரையிலிருந்தும் தீவுகளிலிருந்தும் காலனி அரசு கிளப்பிவிட்டது. இந்த நிகழ்ச்சிகளையெல்லாம் ஒரே சங்கிலியாகப் பார்க்க வேண்டும் என்று 1971இல் ஜான் ஃபோர்ட் என்ற பூச்சியியலாளர் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஈயும் காடும் மாடும் மனிதரும் பல தலைமுறையாகப் பழகி ஒரு சமநிலைக்கு வந்திருந்தார்கள், அதை வெக்கையும் காலனி ஆட்சியும் சேர்ந்து குலைத்தன என்பது அவர் வாதம். அந்தக் கொள்ளைநோய்க்குக் காரணம் இது மட்டும்தானா என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் 1890களில் ஈயின் எண்ணிக்கை விழுந்ததை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் கதையின் முதல் பாதியோடு நிறுத்திவிட்டார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

அவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடமும் விபரீதமானது. விலங்கு செத்தால் ஈ சாகும், அப்படியானால் விலங்கைக் கொல்லுவோம் என்று தெற்கு ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், பல பத்தாண்டுகளுக்கு லட்சக்கணக்கான காட்டு விலங்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள்.

4

இனி இரண்டாவது வெக்கை.

அதே ஜிம்பாப்வேயில், ஜாம்பேசிப் பள்ளத்தாக்கின் மானா பூல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் ரெக்கோமிச்சி என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. 1959இல் தொடங்கியது. அங்கே வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு மாட்டை நிறுத்திவைத்து, பிற்பகலில் அதன்மேல் வந்து உட்காரும் ஈக்களை வலையில் பிடித்து எண்ணிக்கொண்டும் வந்தார்கள். எந்தப் பத்திரிகையிலும் செய்தியாக வராத வேலை.

1990இல் ஒரு பிற்பகலுக்கு, ஒரு மாட்டுக்கு, ஐம்பது ஈ போலக் கிடைத்தது. 2017இல் ஒன்றுகூடத் தேறவில்லை. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஜெனிஃபர் லார்டும் அவருடைய சகாக்களும் இந்தக் கணக்குகளை வெப்பநிலைக் கணக்கோடு வைத்துப் பார்த்து 2018இல் எழுதினார்கள். பூங்கா அப்படியேதான் இருக்கிறது. காட்டை யாரும் அழிக்கவில்லை, ஊர் உள்ளே வரவில்லை. மாறியது சூடு. 1975இலிருந்து ஆண்டுச் சராசரி 0.9 டிகிரி ஏறியிருந்தது. நமக்குக் கத்திரி மே மாதம் என்றால் அங்கே அது அக்டோபர், நவம்பர். அந்த நவம்பரில் மட்டும் ஏற்றம் 2 டிகிரி.

இரண்டு டிகிரி என்றால் நமக்கு மின்விசிறியை ஒரு சுற்றுக் கூட்டி வைக்கிற விஷயம். நம் உடம்பு தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். ஈக்கு அந்த வசதி கிடையாது, காற்றின் சூடுதான் அதன் உடம்பின் சூடு. சூடு ஏறினால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு சீக்கிரம் வளரும்தான். ஆனால் கட்டுச்சோறு அதைவிடச் சீக்கிரம் தீரும். 32 டிகிரிக்கு மேல் நெடுநாள் இருந்தால் உள்ளேயே செத்துவிடும். தப்பித்து வெளியே வருவது ஒட்டிய வயிற்றோடு வரும். முதல் ரத்தம் கிடைப்பதற்குள் பாதி முடிந்துவிடும். வளர்ந்த ஈக்களும் 25 டிகிரியைத் தாண்டினால் கூடுதலாகச் சாக ஆரம்பிக்கும். நண்பகலில் அவை மரப்பொந்துகளிலும் எறும்புதின்னி தோண்டிய வளைகளிலும் போய் ஒளிந்துகொள்ளும். உள்ளே சில டிகிரி குளிர்ச்சி. வெளியே ரொம்பவும் ஏறிவிட்டால் உள்ளேயும் ஏறத்தானே செய்யும். தினமும் நூற்றுக்கு நான்கு என்று பார்த்தோமே, அந்தக் கூடுதல் சாவை இங்கே வெயில் தன் கையாலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் தூக்க நோயை வெயில் ஒழித்துவிடுமா? உலகில் பதிவான தூக்க நோயாளிகள் 1998இல் நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, 2018இல் ஆயிரத்துக்கும் கீழே. இது வெயில் செய்த வேலை இல்லை. ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், மருந்து கொடுத்தவர்கள், துணி கட்டி ஈ பிடித்தவர்கள் செய்தது. வெயில் செய்வது வேறு. பள்ளத்தாக்கில் ஈயைத் தீர்க்கிற அதே வெயில், இதுவரை குளிரால் ஈ வாழ முடியாமல் இருந்த மேட்டுநிலத்தை அதற்கு ஏற்றதாக மாற்றலாம். ஜிம்பாப்வேயில் ஜனமும் மாடும் அதிகம் இருப்பது அந்த மேட்டில்தான். மானா பூல்ஸில் இருப்பது யானையும் சிங்கமும். ஈ அங்கே குறைந்து இங்கே கூடினால் மொத்த எண்ணிக்கை குறைந்தாலும் நோய் கூடலாம்.

5

இந்தியாவில் செட்சி ஈ இல்லை. ஆனால் அதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஊரில் தெருநாயைத் தடவியவர்களுக்குத் தெரியும்: முடிக்குள்ளிருந்து தட்டையாக ஒரு ஈ பக்கவாட்டில் ஓடும், நசுக்கினாலும் லேசில் சாகாது. மாட்டுக்கும் ஒன்று உண்டு, தொடை இடுக்கிலும் வாலடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹிப்போபோஸ்கா என்ற இனம். செட்சிக்குப் பங்காளி முறை. இதுவும் முட்டையிடாது, வயிற்றுக்குள் பால் கொடுத்து ஒவ்வொரு பிள்ளையாகத்தான் பெறும். காட்டுமன்னார்கோயில் பக்கத்து மாட்டுக் கொட்டகையில் செட்சியின் குடும்ப வழக்கம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

செட்சி கொண்டுபோகும் ஒட்டுண்ணிக்கும் இங்கே ஒரு பங்காளி உண்டு. 1880இல், அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், சர்ரா என்ற நோயால் குதிரைகளும் ஒட்டகங்களும் செத்துக்கொண்டிருந்தன. கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் அவற்றின் ரத்தத்தில் நெளிந்த ஒரு ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். நோய் உண்டாக்கும் டிரிபனோசோமை முதலில் பார்த்தவர் அவர்தான். அப்போது அதிகாரிகள் நம்பவில்லை. எலி ரத்தத்தில் இதே மாதிரி ஒன்று ஒரு தீங்கும் செய்யாமல் இருக்கிறதே என்றார்கள். 1890களில் டேவிட் புரூஸ் தென்னாப்பிரிக்காவில் நகானாவின் ஒட்டுண்ணியைப் பார்த்தபோது, அது எவன்ஸ் பார்த்ததன் உறவாக இருந்தது. ஆப்பிரிக்க ஒட்டுண்ணியின் ஒரு கிளை செட்சியின் வயிற்றில் வளரும் திறனை இழந்து, சாதாரணக் கடி ஈக்களின் வாயில் ஒட்டிக்கொண்டே பிழைக்கக் கற்று, ஒட்டகங்களோடு ஆசியாவுக்கு வந்ததுதான் சர்ரா என்று இன்று கருதுகிறார்கள். மழைக்காலம் முடியும்போது சேற்றோரம் பெருகும் மாட்டு ஈக்கள் அதைப் பரப்பும். 2000இல் ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் பன்னிரண்டு புலிகள் இந்த நோயால் செத்தன. 2004இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயியின் ரத்தத்திலேயே இந்த ஒட்டுண்ணி இருந்தது. அதைக் கொல்ல நம் எல்லோர் ரத்தத்திலும் இருக்கும் ஒரு புரதம் அவருக்குப் பிறவியிலேயே இல்லை. தூக்க நோய்க்கான மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

வெக்கை நோயின் கதை இங்கேயும் முடிந்தது. 1954இல் இந்தியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக மாட்டைக் கட்டவைத்து ஊசி போட்டார்கள். ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தடுப்பூசி தயாரித்துக் கொடுத்தது. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகப் பதிவானது 1995இல், தமிழ்நாட்டில். 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய்.

மிச்சம் இருப்பது இன்னொரு வெக்கை. அது நம்மூரில் எந்தப் பூச்சியை என்ன செய்யும்?

கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் நம் வட்டாரத்தைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய வீராணம், 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை, இரண்டுக்கும் நடுவில் வயல். வயலில் நிற்கிற தண்ணீரில் வளர்வது க்யூலெக்ஸ் கொசு. அது ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கொண்டுபோகும். 1990களில் மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்துக்காரர்கள் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் மூன்று வருடம் தொடர்ந்து கொசுவைப் பிடித்து, எண்ணி, அதில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூர்ப் பக்கமும் போனார்கள். அங்கேயும் வயல், அங்கேயும் கொசு. ஆனால் குழந்தைகளிடம் தொற்று மிகக் குறைவு. அவர்கள் சுட்டிய காரணம் மாடு. வைரஸ் பெருகுவது பன்றியின் உடம்பில். மாட்டைக் கடித்தால் வைரஸுக்கு அது முட்டுச்சந்து. இந்தக் கொசுவுக்கோ மாடு என்றால் கொள்ளை ஆசை. தஞ்சாவூரில் பன்றிக்கு மாடு பல நூறு மடங்கு, கடலூரில் அந்த அளவுக்கு இல்லை.

உழவு மாடு போய் டிராக்டர் வந்து, கொட்டகை இருந்த இடத்தில் பைக் நிற்கிற காலத்தில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மாடு குறைந்தால் கொசு யாரிடம் வரும்? சூடும் இங்கே வேறு மாதிரி வேலை செய்யும். கொசுவின் உடம்புக்குள் போன வைரஸ் வளர்ந்து எச்சிலுக்கு வந்து சேர ஆகும் நாட்கள், சூடு ஏற ஏறக் குறையும். கத்திரியில் வயல் காய்ந்துகிடப்பதால் கொசு இல்லை. தண்ணீர் நிற்கும் ஐப்பசி கார்த்திகையில் ஒன்றிரண்டு டிகிரி ஏறினால்தான் கணக்கு மாறும். ஒரு பிள்ளை பெறுகிற ஈயைத் தீர்த்த அதே ஏற்றம், இருநூறு முட்டை போடுகிற பூச்சிக்குச் சாதகமாகவும் முடியலாம்.

இதற்குக் கணக்கு வேண்டும். ரெக்கோமிச்சியில் இருந்த மாதிரி ஒரு மாடு, ஒரு வலை, ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு. இரண்டு மூன்று வருடத் திட்டம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பாமல், முப்பது நாற்பது வருடம் அதே இடத்தில். புதுச்சேரியில் நோய்க்கடத்திகளை ஆராயும் மத்திய நிறுவனம் 1975இலிருந்து இருக்கிறது. விருத்தாசலத்தில் மதுரைக்காரர்களின் கள நிலையம் இருந்தது. இரண்டுமே இங்கிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம். சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. வீராணத்தங்கரையில் ஒரு மாட்டைக் கட்டி, சாயங்காலம் அதன்மேல் வந்து உட்காருவதை எண்ணுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிற பிள்ளைகளே முறை வைத்துச் செய்துவிடலாம்.